டெய்லர் வீட்டுச் சந்து

அந்த நாற்காலில உக்காராதே தங்கச்சி, அதுக்கு ஒரு கால் ஆட்டம். மேஸ்திரி அதுமேல ஏறி நின்னு நின்னே அதோட ஆயுசை முடிச்சிட்டாரு. இந்தா, இந்த டைல்ஸ் பெட்டிமேல உக்காரு. இரு இரு, துணி விரிக்கிறேன். சிமெண்டுத் தூசி ஒட்டுச்சுன்னா லேசுல போகாது. ம், இப்ப உக்காரு. நன்றியெல்லாம் எதுக்குன்னு கேக்கறேன். உங்கப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது ஒரு விஷயமா? ஆட்டோவுல ஏறினோம், எறங்கினோம், அவ்வளவுதான். நீ அக்கா அக்கான்னு கையைப் பிடிச்சுக்கிட்டா எனக்கு என்னமோ பண்ணுது. வேணாம், விடு.

வண்டி எத்தனை மணிக்கு? பதினொண்ணா. இப்ப பத்து இருக்குமா? பத்தேகாலா! சரி. உங்கப்பா என்ன பண்றாரு, சட்டை மடிச்சிட்டிருக்காரா? மடிப்பாரு மடிப்பாரு. நாப்பது வருஷம் டெய்லர் கடையில துணி மடிச்ச கையாச்சே. நேத்து எட்டிப் பாத்தேன், பெட்டியில எல்லாத்தையும் ஒரே அகலத்துக்கு மடிச்சு அடுக்கியிருந்தாரு. ஒரு கைக்குட்டைகூட வெளியில நீட்டிட்டு இல்ல. உன் ஊருக்கு வர்றதுல அவருக்கு சந்தோஷமான்னு என்னைக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? கேட்டா அவர் சொல்றது, பொண்ணு கூப்பிடுது, போறேம்மா. அவ்வளவுதான் வார்த்தை. ஆமா, இந்த வீட்டை என்ன பண்ணப் போறே, வாடகைக்கா? ஓ. விக்கப் போறியா. சரி, அதுவும் சரிதான். பூட்டிக் கெடந்தா பாழாப் போயிடும்.

ஒரு நிமிஷம் இரு, மேல தொட்டி நிரம்பி வழியுதுன்னு நினைக்கிறேன்.

இல்ல. மோட்டாரே போடல. எனக்குத்தான் காதுக்குள்ள எந்நேரமும் தண்ணி கொட்டிட்டிருக்குது. வீடு கட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்து இப்படித்தான். உக்காந்தா எந்திரிக்கணும்னு தோணும், எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு தெரியாது. வீடு முடிஞ்சா சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. முடிஞ்சிருச்சு. இன்னும் வெள்ளையடிக்கறதும் கீழ டைல்ஸ் பதிக்கறதும்தான் பாக்கி. சரியாகலை.

நீ வீடு கட்டியிருக்கியா? ஃப்ளாட்டா. ஃப்ளாட்டுன்னா எவனோ கட்டி வச்சதுல நாம போய் ஆணி அடிக்கிறது. இது வேற பொழப்பு. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டறவரு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து முகத்தைக் காட்டுவாரு, பொட்டியை இறக்குவாரு, தூங்குவாரு, கெளம்பிருவாரு. நல்ல மனுசன்தான், ஆனா இந்த வீட்டுல அவர் கைபட்டது ஒரு செங்கல் இருக்காது. கட்டினது நான். காலையில ஆறரைக்கு மருந்துக் கம்பெனி வேன் வந்துரும். நாள் பூரா பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிட்டு நாலு மணிக்கு எறங்கினேன்னா, செருப்பைக்கூடக் கழட்டாம நேரா இங்கதான் வருவேன்.

கம்பெனில ஒவ்வொருத்தியும் என்னைப் பயமுறுத்தி வச்சிருந்தா. ஒருத்தி சொல்றா, சிமெண்டு மூட்டையைப் பின்பக்கமா கடத்திருவானுங்க. இன்னொருத்தி சொல்றா, மணல்ல மண்ணைக் கலந்துருவானுங்க. இன்னொருத்தி இருக்கா, என் பக்கத்து மேஜைக்காரி, அவ சொன்னதுதான் மனசுல போய் உக்காந்துக்கிச்சு. அளவுல அடிப்பானுங்கடி, அங்க ஒரு அடி இங்க ஒரு அடின்னு முழுங்கிருவானுங்க, கட்டில் வாங்கிட்டு வந்து போடும்போதுதான் உனக்குத் தெரியும்னா. நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், என்கிட்ட ஒருத்தன் வாலாட்ட முடியாதுன்னு. செங்கல் வந்தா ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாப்பேன், கணீர்னு சத்தம் வரணும். மணலை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டுக் கலக்கி வச்சு, மேல எவ்வளவு சேறு படியுதுன்னு பாப்பேன். மேஸ்திரி எனக்கு இன்ஸ்பெக்டரம்மான்னு பேர் வச்சிட்டாரு. நான் தெருமுனையில திரும்பறப்பவே, டேய் இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சு, பீடியை அணைங்கடான்னு சத்தம் கேக்கும். எனக்கு உள்ளுக்குள்ள பெருமையாத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன்.

தெருவுல? தெருவுல எல்லார் வாயிலயும் விழுந்தேன். எதிர்வீட்டு மாடிக்காரம்மா இருக்காங்களே, அவங்க வீட்டு வாசல்ல நாலு கல்லு ஜல்லி உருண்டு போனதுக்கு, என் ஸ்கூட்டர் சறுக்கிருச்சு, பல்லு போயிருந்தா யாரு பொறுப்புன்னு ஒரு வாரம் கத்தினாங்க. ஸ்கூட்டரும் நல்லாத்தான் இருந்துச்சு, பல்லும் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடை அடைச்சிருச்சுன்னு முனிசிபாலிட்டி ஆபீஸ்ல எழுதிப் போட்டாரு. துணி காயப்போட்டா தூசின்னு ஒருத்தர், ட்ரில் போட்டா குழந்தை முழிச்சிருதுன்னு ஒருத்தர். குழந்தைக்கு பதினாலு வயசு.

ஒரே ஒருத்தர்தான் மூஞ்சியைச் சுளிக்காத ஆளு. உங்கப்பா. நான் ஒண்ணும் உன்னைக் குளிர வைக்கறதுக்காகச் சொல்லல. போர் போடறதுக்கு முன்னாடி மூணு மாசம் அவர் வீட்டுக் குழாய்லேருந்துதான் ஓஸ் போட்டு தண்ணி எடுத்தோம். செங்கல் அடுக்க இடமில்லைன்னதும், சந்துல அடுக்கிக்கோங்கம்மான்னாரு. இதோ, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம், உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல இருக்கே, உங்க சந்துதானே அது. முழுக்க உங்க இடம். அதுல சைக்கிளைத் தள்ளிட்டுப் போய் பின்னாடி நிறுத்துவாரு. எனக்காக ஏழெட்டு மாசம் சைக்கிளை வாசல்லயே வெயில்ல போட்டு வச்சிருந்தாரு, டயர் ரெண்டும் வெடிச்சுப் போச்சு. ஒரு வார்த்தை சொல்லல. நான் கம்பெனிக்குப் போயிட்டா சுவத்துக்குத் தண்ணி அடிக்கிறது யாரு? அவர்தான். பச்சைச் சுவருக்கு ரெண்டு வேளை தண்ணி காட்டணும், இல்லைன்னா வெடிச்சிரும். காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, இந்தச் சுவத்துக்கு... இதே சுவத்துக்குத்தான்... தண்ணி அடிச்சு வளத்ததே அவர்தான்னு வச்சுக்கோயேன்.

டீ போடட்டுமா? அடுப்பு அந்த மூலையில வச்சிருக்கேன், ரெண்டு நிமிஷத்துல கொதிச்சிரும். வேணாமா. தண்ணியாவது குடி. சரி, விடு.

உங்கப்பாவுக்கு இது எப்ப ஆரம்பிச்சதுன்னா... நீ ஃபோன்ல கேட்டப்பவே சொன்னேனே. சந்துலேருந்து சாமானெல்லாம் காலி பண்ணினோம், முட்டுக் கம்பெல்லாம் எடுத்தாச்சு, கூட்டிப் பெருக்கி விட்டாச்சு. உங்கப்பா சைக்கிளுக்குப் புது டயர் மாட்டிட்டு வந்து, சந்தோஷமா உள்ள தள்ளிட்டுப் போனாரு. பாதி தூரம் போனவரு நின்னுட்டாரு. நான் இந்த ஜன்னல்லேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. சுவத்துல சிராய்ச்சிருக்கு. பின்னாடி வந்தாரு, மறுபடி போனாரு. மறுபடி சிராய்ப்பு. அப்புறம் சைக்கிளைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள போய், கழுத்துல போட்டிருப்பாரே அந்தத் துணி டேப்பு, அதை எடுத்துட்டு வந்து சந்தை அளந்தாரு. முப்பத்திரெண்டு இன்ச். என்கிட்ட வந்து சிரிச்சுட்டேதான் சொன்னாரு. என்னம்மா, நம்ம சந்து நாப்பத்திரெண்டு இன்ச் ஆச்சே, பத்து இன்ச் எங்க போச்சுன்னு தெரியலையேன்னாரு.

நான் என்ன சொன்னேன்? துணி டேப்பு இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும் டெய்லரய்யான்னேன்.

அடுத்த நாள் புது டேப்போட வந்தாரு. அதுலயும் முப்பத்திரெண்டுதான். அப்படின்னா பழைய அளவை நீங்க தப்பா ஞாபகம் வச்சிருக்கீங்கன்னேன். அதுக்கு அவர் முகம் போன போக்கைப் பாக்கணுமே. அளவை நான் தப்பா வச்சுக்க மாட்டேம்மா, இந்தத் தெருவுல பாதிப்பேர் இடுப்பு எனக்குத் தெரியும்னாரு. நெஜம்தான். என் வீட்டுக்காரருக்கு எட்டு வருஷத்துக்கு முன்னாடி பேண்ட் தைச்சாரு, இன்னிக்கும் கேட்டா இடுப்பு, தொடை, கால் நீளம் எல்லாம் சொல்லுவாரு. எதிர்வீட்டு மாடிக்காரம்மாவோட மகன் கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டு அளவு வரைக்கும் சொல்லுவாரு. அந்த மனுசன்கிட்ட நான் சொல்றேன், உங்க ஞாபகம் தப்புன்னு.

அப்புறம் தினமும் அளக்க ஆரம்பிச்சாரு. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. கயித்தைப் போட்டு அளந்தாரு, சாணால அளந்தாரு, குச்சியை வெட்டி அளந்தாரு. பத்து இன்ச் குறையுது, பத்து இன்ச் குறையுதுன்னு ஒரே பேச்சு. என்னைத் திருடின்னு ஒருநாளும் சொன்னதில்ல, அதைச் சொல்லிடறேன். அவருக்கு அந்த நெனப்பே வரல. அஸ்திவாரத்துக்கு முன்னாடி எடத்தைச் சமன் பண்றப்ப மண் அள்ளுற மெஷின்ல மாட்டி எல்லைக் கல்லு பெயர்ந்து வந்துருச்சு. அதைப் பாத்துட்டு, பரவால்லம்மா, அந்தப் பக்கத்துக் கல்லு இருக்குதுல்ல, அதுலேருந்து முப்பதடி அளந்து கட்டிக்கோன்னு சொன்னவரே அவர்தான். அப்படி நம்பினவரு. அதனால நான் எடம் புடிச்சிட்டேன்னு அவருக்குத் தோணவே இல்ல. சுவர்தான் ஏதோ பண்ணிருச்சுன்னு நெனைச்சாரு. ஒருநாள் மேஸ்திரிகிட்ட போய், ஏம்ப்பா, சுவர் ஒரு பக்கமா தள்ளிட்டு வருமாப்பான்னு கேட்டுட்டாரு. போதாதா? டெய்லர் வீட்டுப் பக்கம் சுவத்துக்குக் கால் முளைச்சிருச்சாம்னு மேஸ்திரி தெரு பூரா சொல்லிச் சிரிச்சாரு. எதிர்வீட்டம்மா மாடியில நின்னுக்கிட்டே, இன்னிக்கு எவ்வளவு தூரம் நடந்துச்சு டெய்லரேன்னு கேப்பாங்க. நானும் சிரிச்சேன். கூட்டத்தோட கூட்டமா நின்னு நானும்தான் சிரிச்சேன்.

அவர் உன்கிட்ட வீட்டுப் பத்திரத்தைப் பாக்கச் சொன்னாராமே? ஆமா, பொண்ணு லாக்கர்ல இருக்குது, அளவு படிச்சுச் சொல்லச் சொல்லியிருக்கேன்னு என்கிட்ட சொன்னாரு. நீ பாத்தியா? பாக்கலை. ம். உனக்கும் வேலை, புள்ளைங்க. அப்பா ஏதோ சொல்றாருன்னு விட்டிருப்பே. உன்னைக் குத்தம் சொல்லலம்மா, யாரா இருந்தாலும் அப்படித்தான். நீ பாத்துருவியோன்னு நான் தெனம்... ஒண்ணுமில்ல. பாத்தா உனக்கு வீண் அலைச்சல்தானேன்னு சொல்ல வந்தேன்.

அதான், நீ போன மாசம் வந்தப்ப பாத்தியே, ரெண்டு முழங்கையிலயும் காய்ஞ்ச புண்ணு. விழுந்துடறாரோன்னு பயந்துட்டே. விழலம்மா. ஒருநாளும் விழல. சைக்கிளைச் சந்துல தள்ளிட்டுப் போய்ப் போய் வந்ததுதான். வேற எங்கயாவது நிறுத்துங்களேன்னா, நாப்பது வருஷமா போற வழி, என் கைக்கு அகலம் தெரியும், என்னிக்காவது சரியாயிடும்னுவாரு.

ஐயோ, கதவுல யாரோ... இல்ல, காத்து. வண்டிதான் வந்துருச்சோன்னு நெனைச்சேன். இன்னும் அரைமணி இருக்குதுல்ல? வண்டிக்காரன்கிட்ட பேசி, கொஞ்சம் மெதுவா வரச் சொல்ல முடியுமா? இல்ல, சும்மாதான். என்ன அவசரம்.

டாக்டர்கிட்ட என்ன நடந்துச்சுன்னு உனக்கு முழுசா சொன்னேனா? ஃபோன்ல எவ்வளவு சொல்ல முடியும். சொல்றேன் கேளு. நாள் கேட்டாரு, கெழமை கேட்டாரு, எல்லாம் டக்கு டக்குனு சொன்னாரு உங்கப்பா. மூணு பொருள் பேர் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிக் கேட்டாரு. மூணையும் சொன்னாரு, அதோட அந்த டாக்டர் போட்டிருந்த சட்டையில இடது தோள் கால் இன்ச் எறங்கியிருக்குன்னும் சொன்னாரு. டாக்டரே சிரிச்சுட்டாரு. கடியாரம் வரையச் சொன்னாரு, அச்சுல ஊத்தின மாதிரி வட்டம். எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்புறம்தான் அந்த டாக்டர் என் பக்கம் திரும்பி, நீங்கதானே பக்கத்துல இருந்து பாக்கறவங்க, வித்தியாசமா ஏதாவது பேசறாரா, நடந்துக்கறாரான்னு கேட்டாரு.

உங்கப்பா என்னையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. நான் சொல்லிட்டேன். டாக்டர், சுவர் நகருதுன்னு சொல்றாரு, தெனம் ரெண்டு வேளை அளக்கறாருன்னு. டாக்டர் சிரிப்பை நிறுத்திட்டு எழுத ஆரம்பிச்சாரு. தனியா விட வேணாம், பொண்ணுக்கு சொல்லுங்கன்னாரு. அந்த ஒரு வாக்கியத்துல வந்த வெனைதானே இந்த வண்டி, இந்தப் பெட்டி, வீட்டை விக்கறது, எல்லாம். ஆட்டோவுல திரும்பி வந்தோம். எறங்கும்போது உங்கப்பா, பாத்து எறங்கும்மா, படி ஒசரமா இருக்குன்னாரு.

அழாதே. நீ எதுக்கு அழறே? நீ ஒண்ணும் பண்ணலை. அழாதேன்னா கேளு. இந்தத் துண்டு சுத்தமானதுதான், தொடைச்சுக்கோ.

முந்தாநாள் சாயங்காலம் வந்தாரு. இதோ, நீ உக்காந்திருக்கியே, அதே பெட்டிமேலதான் உக்காந்தாரு. கழுத்துல டேப்பு இல்ல. எனக்கு அவரை அடையாளமே தெரியல தங்கச்சி, டேப்பு இல்லாத அந்தக் கழுத்தைப் பாத்து. என்கிட்ட மன்னிப்புக் கேக்கறாரு. எழுபத்திரெண்டு வயசு மனுசன் கையைக் கூப்பிக்கிட்டு உக்காந்திருக்காரு. உன்னை ரொம்ப நாளா சங்கடப்படுத்திட்டேம்மா, நீ சொன்னதுதான் சரி, எனக்குத்தான் அளவு போயிடுச்சு, பொண்ணோட போறேன்னாரு. வீட்டுல தனியா இருந்தா கேஸை அணைச்சோமா இல்லையான்னே சந்தேகமா இருக்கு, அணைச்சிட்டு வந்து மறுபடி போய்ப் பாக்கறேன், ஒரு அளவைத் தப்பா வச்சவன் வேற எதைத் தப்பா வச்சிருக்கேனோன்னாரு. சொல்லிட்டு எந்திரிச்சுப் போய், அந்தச் சுவத்தை ஒருக்கா கையால தடவிப் பாத்துட்டு, நல்லா பிடிச்சிருக்கு, விரிசல் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போனாரு.

அதுலேருந்து நான் சாப்பிடல. ரெண்டு நாளா லீவு போட்டுட்டு இந்த வீட்டுக்குள்ளயே சுத்திட்டிருக்கேன். நீ வந்து நன்றி சொல்றே.

இரு, எந்திரிக்காதே. இன்னும் இருபது நிமிஷம் இருக்குல்ல. ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன், கேட்டுட்டுப் போ. பெருசா ஒண்ணுமில்ல, கயிறு கட்டின அன்னிக்கு நடந்தது.

அஸ்திவாரத்துக்கு அளவு போட்ட அன்னிக்கு சித்தாள் வரல. அதனால டேப்போட ஒரு முனையை நான் பிடிச்சேன், அந்தப் பக்கத்துக் கல்லுகிட்ட. மேஸ்திரி மறு முனையை இழுத்துக்கிட்டு உங்க பக்கம் வந்துட்டாரு. அந்த டேப்பு முனை ஒடைஞ்சது. ரெண்டு இன்ச் இல்லவே இல்ல. அந்த மாதிரி டேப்பை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்கன்னா, முனையை விட்டுட்டு ஒரு அடிங்கற கோட்டுல பிடிச்சுக்குவாங்க, மறு பக்கத்துல ஒரு அடி சேத்துக்குவாங்க. முப்பதடி வேணும்னா முப்பத்தொண்ணுல குறி வைப்பாங்க. அது அவங்க பழக்கம். எனக்கென்ன தெரியும்? ஒண்ணுல பிடிங்கம்மான்னு கத்தறாரு. எனக்குப் பக்கத்து மேஜைக்காரி சொன்னது சுரீர்னுச்சு. ஆஹா, ஒரு அடியை இங்கயே முழுங்கப் பாக்கறான்டான்னு. பிடிச்சிருக்கேன் மேஸ்திரின்னு சொல்லிட்டு, விரலை நைசா நகர்த்தி முனையில வச்சுப் பிடிச்சேன். என்கிட்டயா. அவரு அந்தப் பக்கம் முப்பத்தொண்ணுல ஆணி அடிச்சாரு. அன்னிக்கு நான் எவ்வளவு கர்வமா வீட்டுக்குப் போனேன் தெரியுமா.

ஒரு அடியில ஒடைஞ்ச ரெண்டு இன்ச் போக என்ன மிச்சம்? நீயே கணக்குப் போடு.

இல்ல, அப்பத் தெரியாது. சத்தியமா தெரியாது. சுவர் எழும்பி, மாடிப்படி போட்டு, கூரை போட்டதுக்கு அப்புறம், ஜன்னல் கிரில்லு போட வந்தவன் ஹாலை அளந்துட்டு, என்னக்கா பிளான்ல பன்னெண்டடி, இங்க பன்னெண்டடி பத்து இன்ச் இருக்குதே, நல்லதுதான், தாராளமா இருக்குன்னான். அவன் அந்தப் பத்தைச் சொல்லி முடிக்கல, என் விரலு ரெண்டும் ஜில்லுனு ஆயிடுச்சு. மேஸ்திரியோட டேப்பை எடுத்து முனையைப் பாத்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாம். சுவர் மட்டும்னா இடிச்சிருப்பேன், மாடிப்படியே இதுமேலதான் உக்காந்திருக்குது. யோசிக்கலாம், யோசிக்கலாம்னு இருந்தேன். சரியா ஒரு வாரம் கழிச்சு உங்கப்பா டேப்போட வந்து நின்னாரு. அப்ப வாயில வந்தது அந்தத் துணி டேப்புப் பேச்சு. ஒரு பொய்யைச் சொல்லியாச்சு, அப்புறம் அதுக்கு முட்டுக் கொடுக்க இன்னொண்ணு, அதுக்கு இன்னொண்ணு. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. உனக்குத்தான் மொதல்ல சொல்றேன்.

என்னை என்ன வேணா திட்டு. திட்டேன். இப்படி பாத்துட்டே நிக்காதே.

டாக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன், எழுதினதை அடிங்கன்னு. எதிர்வீட்டம்மாகிட்டயும் சொல்றேன், மாடியில நின்னுக்கிட்டே கேட்டுக்கட்டும். சுவத்தை இடிக்கணும்னா இடிக்கறேன், படி போனா ஏணி வச்சு ஏறிக்கறேன், அதையெல்லாம் பின்னால பேசலாம். வண்டிக்காரனுக்கு மட்டும் இப்பவே ஃபோன் போட்டு வேணாம்னு சொல்லு. உங்கப்பாவுக்கு ஒரு வியாதியும் இல்ல தங்கச்சி. அவர் சொன்னது சரியா பத்து இன்ச், ஒரு நூலு கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல.